மூலிகையை மதிப்பவர்கள் அளந்து பார்க்கட்டும்

பேருந்து நிலையத்தில் ஒருவருக்கு வலிப்பு வந்தால் நாலு பேர் சாவிக்கொத்தைத் தேடி ஓடுவார்கள். பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும். ஆனால் பெயர் என்னவோ சாவிக்குத்தான்! மூலிகை விஷயத்திலும் இதே குழப்பம் நடக்கிறது. "குடித்தார், குணமானார்" என்பது மட்டும் ஆதாரம் ஆகிவிடாது.

அதற்காக மூலிகைகளை ஒதுக்கிவிட வேண்டுமா? கூடவே கூடாது. வலிப்பு நோய்க்கு 'அபஸ்மாரம்' என்று பெயர் வைத்து, சரக சம்ஹிதையிலேயே சிகிச்சை எழுதிய நாடு இது. உலகில் சுமார் 5 கோடி பேருக்கு இந்த நோய் இருக்கிறது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இன்றைய மாத்திரைகளால் வலிப்பு முழுமையாக அடங்குவதில்லை. புது மருந்து தேவைதான்.

ஆனால் சோதிக்காமல் கொடுத்தால் என்ன ஆகும்? சங்கபுஷ்பியைப் பாருங்கள். ஃபெனிடாய்ன் மாத்திரையால் வலிப்பு கட்டுப்பட்டிருந்த இரண்டு பேருக்கு, சங்கபுஷ்பி சேர்ந்த சிரப்பையும் குடித்தபின் மீண்டும் வலிப்பு வந்தது. எலிகளில் சோதித்தபோது அந்த சிரப் இரத்தத்தில் ஃபெனிடாய்ன் அளவைக் குறைப்பது தெரிந்தது. 1992இல் வெளியான ஆய்வு இது. மிளகில் உள்ள பிப்பெரின் நேர்மாறு, அதே மருந்தின் அளவைக் கூட்டுகிறது. போதாக்குறைக்கு, சங்கபுஷ்பி என்று வடக்கே ஒரு செடியையும் கேரளத்தில் சங்குப்பூவையும் சொல்கிறார்கள். எந்தச் செடி, எவ்வளவு என்று தெரியாமல் எப்படிக் குடிப்பது?

முறையாகச் சோதித்தால் பலன் உண்டு. கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஓஷாக்னசி, உள்ளூர் வைத்தியர்களிடம் கேட்டறிந்து 1839இல் கஞ்சாவைப் பற்றி எழுதினார். வலிப்பு கண்ட பச்சிளம் குழந்தைக்கு அதைக் கொடுத்துப் பார்த்தவர் அவர். அதே செடியிலிருந்து பிரித்த கன்னாபிடயாலை ஒரு பிரிட்டிஷ் நிறுவனம் நோயாளிகளிடம் முறைப்படி சோதித்தது. 2018இல் குழந்தைப் பருவத்தின் இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. குறிப்பு இங்கே, மருந்து அங்கே!

காரணம் பணம்தான். மரபறிவுக்கு இந்தியச் சட்டப்படி காப்புரிமை கிடையாது. அது நியாயமான சட்டமே. ஆனால் லாபம் இல்லாத இடத்தில் எந்த கம்பெனி கோடிகளைக் கொட்டும்? ஆகவே இந்தச் சோதனைகளுக்கு அரசுதான் செலவு செய்ய வேண்டும். முடிவு தோல்வி என்றாலும் மறைக்காமல் வெளியிட வேண்டும்.

அதுவரை, வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்திவிட்டுக் கஷாயத்துக்கு மாறுவது உயிருக்கே ஆபத்து. பக்கத்து வீட்டில் யாராவது அப்படிச் செய்தால், தயவு செய்து தடுங்கள் நண்பர்களே!