செவிச்செல்வத்துக்கு ஒரு படி

அச்சில் வந்த எழுத்தைத் தேடிப் பாதுகாப்பதில் இலக்கிய அன்பர்களாகிய நாம் காட்டும் அக்கறையில் பத்தில் ஒரு பங்கைக்கூட, ஒலியாக வந்த சொல்லுக்குக் காட்டுவதில்லை. சிற்றிதழ் ஒன்றின் பழைய இதழுக்காக ஊர் ஊராக அலைவோம். அதே எழுத்தாளர் வானொலியில் அரைமணி நேரம் பேசியிருந்தாலோ, போனது போனதுதான் என்று இருந்துவிடுவோம். வானொலி இணையத்துக்கு வந்தபின் இந்த அலட்சியம் குறைந்திருக்க வேண்டும். மாறாகக் கூடியிருக்கிறது. இணையத்தில் இருப்பது எங்கும் போய்விடாது என்ற நம்பிக்கையே காரணம்.

இணைய வானொலி நூலகம் அன்று, வாய்க்கால். நிலையத்தின் வழங்கி ஒலியைத் துண்டு துண்டாக அனுப்புகிறது; நம் கணினி சில நொடிகளுக்கு உரியதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, ஒலித்து முடித்ததை உதறிவிடுகிறது. நிலையமே சேமித்து வெளியிட்டாலன்றி, நேற்றைய உரை இன்று அந்த முகவரியில் இராது.

நிலையம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடலாமா? பிபிசி நிறுவனம் 1967 முதல் 1978 வரை தன் பழைய நிகழ்ச்சிகள் பலவற்றை அழித்தது. நாடாவின் விலை அதிகம். மறு ஒளிபரப்புக்கு வழியில்லை எனக் கருதப்பட்டது. அவ்வாறு அழிந்த 'டாக்டர் ஹூ' தொடரின் தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட பகுதிகளுக்கு இன்றும் படம் இல்லை. ஆனால் அவை அனைத்துக்கும் ஒலி இருக்கிறது. ஒளிபரப்பான வேளையில் நேயர்கள் சிலர் தத்தம் வீட்டில் ஒலிப்பதிவுக் கருவியில் பதிந்து வைத்திருந்தார்கள். நிறுவனம் இழந்ததை நேயர் காத்தார்.

அதே நிறுவனத்தின் தமிழோசை 1941 மே மாதம் தொடங்கி, 76 ஆண்டுகள் ஒலித்து, 2017 ஏப்ரல் இறுதியில் வானொலி ஒலிபரப்பை நிறுத்திக்கொண்டது. அத்தனை ஆண்டு நிகழ்ச்சிகளில் நம்மில் எவர் வீட்டில் எத்தனை இருக்கின்றன? ஆகாசவாணியின் தமிழ் நிலையங்கள் பலவற்றை இன்று இணையத்தில் கேட்கலாம். காப்பகம் எதுவும் எல்லாவற்றையும் வைத்துக்கொள்வதில்லை. புகழ்பெற்றோர் குரல் அங்கே இடம்பெறும். வட்டாரக் கவிஞர் ஒருவரின் பத்து நிமிட உரைக்கு இடம் கிடைக்குமா என்பது ஐயமே.

இன்று நாடாவும் வேண்டா, கருவியும் வேண்டா. எஃப்எஃப்எம்பெக் என்னும் கட்டற்ற மென்பொருள் 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. கட்டளை வரியில் அதற்கு நான்கு செய்திகள் சொன்னால் போதும்: ஓடையின் முகவரி, பதிய வேண்டிய நேரம், ஒலியை மாற்றாமல் வந்தவாறே படியெடுக்கும் ஆணை, கோப்பின் பெயர். இவ்வரியைச் சிறு நிரலாக்கி, லினக்ஸில் குறித்த வேளையில் பணிகளைத் தொடங்கிவைக்கும் 'க்ரான்' வசதியிடம் ஒப்படைத்துவிடலாம். நாம் வகுப்பில் இருந்தாலும், வீட்டில் கணினி விழித்திருந்தால் பதிவு நடக்கும். நிகழ்ச்சிக்கு இரண்டு நிமிடம் முன்னதாகத் தொடங்கச் செய்வது நல்லது. இணைப்பு அறுந்தால் மீண்டும் தொடங்குமாறும் எழுதிவைக்க வேண்டும். நொடிக்கு 64 கிலோபிட் அளவில் வரும் ஓடை, மணிக்கு ஏறத்தாழ 29 மெகாபைட் இடம் கொள்ளும். நாள்தோறும் அரைமணி நேரம் பதிந்தாலும் ஓராண்டுக்கு 5.3 ஜிகாபைட்தான், விரலளவு நினைவகத்தில் அடங்கிவிடும்.

தமிழ் படித்தவர்க்கு இதெல்லாம் எதற்கு என்பார் உளர். அசையும் சீரும் தளையும் கற்றவர்க்கு இந்த ஒரு வரி பெரிதன்று. தளை பிழைத்தால் வெண்பா கெடும். ஓர் இடைவெளி பிழைத்தால் கட்டளை கெடும். அவ்வளவே வேறுபாடு.

நம் துறை கற்றுத்தரும் பாடம் இங்கே ஒன்று உண்டு. ஏடெழுதியோர் பலர், இன்ன ஆண்டு, இன்ன நாளில், இன்னார் எழுதி முடித்தது என்று இறுதியில் குறித்துவைத்தனர். கோப்பின் பெயரில் நாளையும் நேரத்தையும் நிரலே சேர்த்துவிடும். பேசியவர் யார், பொருள் என்ன என்பதை நாம்தான் எழுத வேண்டும். அது இல்லையேல், இருபது ஆண்டு கழித்துக் கையில் இருப்பது யாருடையதென்று தெரியாத குரல்.

சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 39ஆம் பிரிவில், சொந்தப் பயனுக்காகவோ, உண்மையான கற்பித்தல், ஆய்வு ஆகியவற்றுக்காக மட்டுமோ ஒலிபரப்பைப் பதிவு செய்வதை ஒலிபரப்பாளரின் உரிமையை மீறுவதாகக் கொள்வதில்லை. பதிந்ததைப் பொதுவெளியில் ஏற்றுவது வேறு. அதற்கு உரியவரின் இசைவு வேண்டும்.

பதிந்து குவிப்பவர் கேட்பதில்லை என்ற குறையும் கூறப்படுகிறது. அதில் உண்மை உண்டு. ஆதலால் எல்லாவற்றையும் பதிய வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்துகொள்வோம். வாரம் ஒருமுறை கேட்டு, நான்கு வரிக் குறிப்பு எழுதிவைப்போம். பத்துப் பேர் இவ்வாறு செய்தால் பத்து நிகழ்ச்சிகளுக்குப் படி இருக்கும். எழுதாத ஏட்டைப் பின்னால் எந்தப் பதிப்பாசிரியராலும் தேடி எடுக்க முடியாது.