குழந்தை சாட்சியும் கற்பூரச் சத்தியமும்

கிராமத்தில் ஒரு குழந்தையிடம் ஒருவன் தகாத முறையில் நடந்துகொண்டான் என்ற சங்கதி வெளிவந்தால் ஊர்ப் பெரியவர்கள் கூடுகிறார்கள். அவன் கோயில் முன் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்கிறான். உடனே, “சாமி முன் சத்தியம் செய்தவன் பொய் சொல்லுவானா? சிறுபிள்ளை பேச்சை நம்பலாமா?” என்கிறார்கள். விஷயம் தீர்ந்ததாம்!

தோழர்களே! சட்டம் இதில் ஊரைவிட அறிவோடு இருக்கிறது. 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் சாட்சிக்கு வயது வரம்பே வைக்கவில்லை. கேள்வியைப் புரிந்துகொண்டு தக்க பதில் சொல்லத் தெரிந்தால் போதும் என்றது. 2024 ஜூலை முதல் அமுலுக்கு வந்த புதுச் சட்டமும் அதையே சொல்லுகிறது. 1969-ம் வருஷத்துப் பிரமாணச் சட்டமோ, உண்மை பேசவேண்டும் என்பது தெரிந்தும் சத்தியம் என்றால் என்னவென்று விளங்காத 12 வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சத்தியப் பிரமாணமே வேண்டியதில்லை என்கிறது.

“குழந்தை சொல்லிக் கொடுத்ததைச் சொல்லும்” என்பார்கள். பெரியவர்கள் சொல்லுவதில்லையா? அதைச் சோதிக்கத்தான் ஜட்ஜ் இருக்கிறார். நம்பத்தக்கதாயிருந்தால் ஒரு குழந்தையின் சாட்சியம் ஒன்றைக்கொண்டே தண்டிக்கலாம் என்பது சுப்ரீம் கோர்ட்டின் முடிவு.

குழந்தை எதிரியைப் பார்க்காதபடி திரை வேண்டும், கேள்விகள் ஜட்ஜின் மூலமே வரவேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2004-ல் ‘சாக்ஷி’ வழக்கில் சொல்லிற்று. 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டம் இவற்றை விதியாகவே ஆக்கிற்று. குழந்தையை அடிக்கடி கோர்ட்டுக்கு இழுக்கக்கூடாது. அதன் சாட்சியத்தை 30 நாளில் பதியவேண்டும். கூடியவரை ஒரு வருஷத்தில் வழக்கை முடிக்கவேண்டும்.

ஆனால் வாய்தா மேல் வாய்தா விழுந்தால் என்ன ஆகும்? கூடலூரிலோ கம்பத்திலோ உள்ள தாய் விடியுமுன் ஜீப் ஏறி இடுக்கி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவள். குழந்தையோடு தேனிக்குப் போகும் ஒவ்வொரு நாளும் கூலி போச்சு. அந்தச் சோர்வில்தான் “ராஜியாய்ப் போய்விடு, பெண்ணுக்கு நாளைக்குக் கலியாணம் ஆகவேண்டாமா” என்ற உபதேசம் வருகிறது. பிறகு குழந்தை கூண்டில் வாய்மூடி நின்றால், “பார்த்தீர்களா, பொய் வழக்கு” என்கிறார்கள்.

இது ராஜிக்குரிய குற்றமல்ல. தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மறைப்பவனுக்கே 6 மாதம் வரை சிறையுண்டு. ஆகவே கோர்ட்டார் 30 நாள் கெடுவை மெய்யாக்கவேண்டும். ஊரார் அந்தத் தாயின் ஒருநாள் கூலிக்கு வழிசெய்து, வாய்தாவுக்கு உடன் போகவேண்டும். அது முடியாதவர்கள் பஞ்சாயத்துப் பேசாமலாவது இருக்கட்டும். எரிந்து அணையும் கற்பூரத்தை நம்புகிறவர்கள், அழுதுகொண்டு நிற்கும் குழந்தையை நம்ப மறுப்பது எந்த ஊர் நியாயம்?