பிக்கப் இல்லைன்னா உடனே இன்ஜெக்டரா?

கோவிலம்பாக்கம் பக்கம் லோடு அடிக்கிற பழைய தோஸ்த் வண்டி, ஆக்சிலேட்டரை மிதிச்சா திக்கித் திக்கி இழுக்குதா? "மூணு இன்ஜெக்டரும் போச்சுண்ணே"ன்னு தீர்ப்பு தயாரா இருக்கும்.

அவசரப்படாதீங்க மக்களே. 2011-ல வந்த தோஸ்த், காமன் ரெயில் டீசல் வண்டி. டீசல் ஃபில்டர் அடைச்சாலும், அதுல தண்ணி சேர்ந்தாலும், டர்போ ஹோஸ் கிழிஞ்சு காத்து கசிஞ்சாலும் இதே திணறல்தான். முதல்ல அதைப் பாருங்க, செலவு கம்மி. அடுத்து ஸ்கேனர் மாட்டி, மிதிக்கும்போது ரெயில் பிரஷர் தேவையான அளவு ஏறுதான்னு பாக்கச் சொல்லுங்க. கடைசியா, ஒவ்வொரு இன்ஜெக்டரோட ரிட்டர்ன் டீசலையும் தனித்தனி பாட்டில்ல பிடிங்க. எது மத்ததைவிட ரொம்ப அதிகமா ரொப்புதோ, சந்தேகம் அது மேலதான்.

டியூ கட்டி ஓட்டறவருக்கு மூணு இன்ஜெக்டர் காசுங்கறது வீட்டுச் சாப்பாடு. அளந்து காட்டாம பார்ட்ஸ் மாத்தறதுக்குப் பேரு ரிப்பேர் இல்லை சாமி, சூதாட்டம். அதுவும் அடுத்தவன் காசுல!