எண்ணிக்கையில் மயங்க வேண்டாம்



சென்ற மாதம் ஒரு நாள் இஷாவுக்குப் பின், துபாயில் பணிபுரியும் என் தங்கையின் கணவர் தொலைபேசியில் அழைத்தார். விடுமுறைக்கு ஊர் வரவிருக்கிறார். தம் மகனுக்குப் பழைய காலத்து வீடியோ கேம்களை ஆடும் கையடக்கக் கருவி ஒன்று வாங்க வேண்டுமாம்.

“கடையில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள் மச்சான். ஒன்றில் பத்தாயிரம் ஆட்டம் என்கிறான், மற்றொன்றில் இருபதாயிரம் என்கிறான். எதை எடுப்பது?” என்று கேட்டார்.

மதரஸாவில் பிள்ளைகளின் கவனச் சிதறலோடு நாள்தோறும் மல்லுக்கட்டுகிறவன் நான். “எதுவும் வேண்டாம்” என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதற்குள் அவரே தொடர்ந்தார்: “நான் சின்ன வயதில் ஆடியதை அவனோடு உட்கார்ந்து ஆட வேண்டும். வருடத்தில் நாற்பது நாள்தானே அவன் என் கைக்குக் கிடைக்கிறான்!”

அந்தச் சொல்லுக்குப் பின் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் அவகாசம் கேட்டு, விசாரித்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டேன். எங்கள் திசையன்விளையிலும் சுற்றுவட்டாரத்திலும் வளைகுடாச் சம்பாத்தியத்தில் அடுப்பெரியும் இல்லங்கள் பல. இதே கேள்வி உங்கள் வீட்டுக்கும் வரக்கூடும் என்பதால் விசாரித்து அறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நினைவுக்கு வந்தது தொண்ணூறுகளில் என் மாமா சவூதியிலிருந்து கொண்டுவந்த ‘பிரிக் கேம்’தான். சாம்பல் நிறத் திரையில் கறுப்புக் கட்டங்கள் மேலிருந்து விழும். அவற்றை இடைவெளியின்றி அடுக்க வேண்டும். 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய ‘டெட்ரிஸ்’ ஆட்டத்தின் மலிவுச் சீனப் படிவம் அது. உறையின் மேல் ‘9999 இன் 1’ என்று பெரிதாக அச்சிட்டிருந்தார்கள். ஒன்பதாயிரத்துச் சொச்சம் ஆட்டங்களையும் ஆடி முடித்துவிடுவது என்று நானும் என் தோழர்களும் உறுதி பூண்டோம். ஒரு வாரத்தில் உண்மை விளங்கிற்று. உள்ளே இருந்தவை விரல்விட்டு எண்ணத்தக்க சில ஆட்டங்களே. வேகத்தையும் தொடக்க நிலையையும் மாற்றி மாற்றி எண் கொடுத்திருந்தார்கள். ஆயினும் எங்கள் மகிழ்ச்சி குறையவில்லை. திண்ணையில் ஆறு பேர் அமர்ந்து, ஒருவர் தோற்றால் அடுத்தவர் கைக்குக் கருவி போகும் என்ற முறையில் ஓர் ஆட்டத்தையே மாதக்கணக்கில் ஆடினோம்.

எண்ணிக்கையும் பகட்டும் பயனாகிவிடாது என்பதற்கு உலக அளவில் ஒரு சான்று உண்டு. ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனத்தில் குன்பெய் யோகோய் என்ற பொறியாளர் இருந்தார். புத்தம் புதிய தொழில்நுட்பத்தைத் துரத்த வேண்டாம், பழகித் தேய்ந்து விலை குறைந்த பொருளைப் புதிய வழியில் பயன்படுத்துவோம் என்பது அவர் கொள்கை. அவரது குழுவினர் உருவாக்கிய ‘கேம் பாய்’ 1989இல் வெளிவந்தது. வண்ணம் கிடையாது, திரைக்குள் விளக்கும் கிடையாது. அதே ஆண்டில் அட்டாரியின் ‘லிங்க்ஸ்’, அடுத்த ஆண்டில் சேகாவின் ‘கேம் கியர்’ என வண்ணத்திரைக் கருவிகள் போட்டிக்கு வந்தன. அவை ஆறு பேட்டரிகளை விழுங்கிவிட்டுச் சில மணி நேரத்திலேயே அணைந்துவிடும். கேம் பாயோ நான்கு பேட்டரியில் பத்து மணி நேரத்துக்கு மேல் தாங்கியது. முடிவு என்ன? கேம் பாயும் பின்னர் வந்த அதன் வண்ணப் பதிப்புமாக 11 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் விற்றன. கேம் கியர் ஏறத்தாழ ஒரு கோடியோடு நின்றது. தேவைக்குப் போதுமானது எது என்று அறிந்தவரே வென்றார்.

இனி இன்றைய கடைக்கு வருவோம். அங்குள்ளவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, பழைய கேம் பாய், 2001இல் வந்த கேம் பாய் அட்வான்ஸ் போன்ற அசல் கருவிகள். இவை இப்போது பழைய பொருளாகத்தான் கிடைக்கும். கேசட்டும் தனியே தேட வேண்டும். போலிக் கேசட்டுகள் மலிந்துள்ளன. பழுது பார்க்கத் தெரிந்தவருக்கே இவை ஏற்றவை.

இரண்டாம் வகை, ஆன்பெர்னிக், மியூ போன்ற சீன நிறுவனங்களின் சிறு கருவிகள். ‘எமுலேட்டர்’ என்ற மென்பொருளின் மூலம் பழைய இயந்திரங்களைப் போல இவை நடிக்கின்றன. இவற்றில் திரையின் அளவைக் கவனிக்க வேண்டும். மியூ மினி பிளஸ் கருவியின் திரையில் குறுக்கே 640, நெடுக்கே 480 புள்ளிகள் உள்ளன. தொலைக்காட்சியில் இணைத்து ஆடிய அக்காலத்து ஃபேமிகாம் ஆட்டங்களின் படம் 256க்கு 240. அது சரியாக இருமடங்காகி இத்திரையின் உயரத்தில் கச்சிதமாகப் பொருந்தும். கேம் பாய் அட்வான்ஸ் ஆட்டங்களின் படமோ 240க்கு 160. அவற்றை விரும்புவோருக்கு 720க்கு 480 புள்ளிகள் கொண்ட ஆன்பெர்னிக் ஆர்ஜி34எக்ஸ்எக்ஸ் போன்றது மும்மடங்காகப் பொருந்தும். எந்த ஆட்டம் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்தால் எந்தத் திரை வேண்டும் என்பது தானே தெரிந்துவிடும்.

மூன்றாம் வகை, ரெட்ராய்டு பாக்கெட் போன்ற ஆண்ட்ராய்டு கருவிகள். ஆற்றல் மிகுந்தவை. ஆனால் கைப்பேசிக்குப் பொத்தான் வைத்தது போன்றவை. இணையம், காணொளி, விளம்பரம் எல்லாம் கூடவே வந்துவிடும். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்ய நமது நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டம் இயற்ற நேர்ந்தது. அத்தகைய வாசல்கள் எதுவும் இல்லாத கருவியே சிறுவன் கைக்கு நல்லது.

நான்காம் வகை, உரிமம் பெற்ற ஆட்டங்களோடு வருபவை. பிரிட்டனின் பிளேஸ் நிறுவனம் 2020இல் ‘எவர்கேட்’ என்ற கருவியைக் கேசட் முறையிலேயே கொண்டுவந்தது. 2023இல் அதே நிறுவனம் ‘சூப்பர் பாக்கெட்’ என்ற சிறிய கருவியை வெளியிட்டது. அதன் கேப்காம் பதிப்பில் உள்ளவை 12 ஆட்டங்களே. டைட்டோ பதிப்பில் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’, ‘பபுள் பாபுள்’ முதலியவை உண்டு. எவர்கேட் கேசட்டுகளையும் இதில் செருகி ஆடலாம்.

பன்னிரண்டு எங்கே, பத்தாயிரம் எங்கே என்று கேட்கத் தோன்றும். அந்தப் பத்தாயிரம் யாருடையது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. இரண்டாம் வகைக் கருவியை விற்கும் கடைகள் பலவும் மெமரி கார்டில் ஆயிரக்கணக்கான ஆட்டங்களை நிரப்பித் தருகின்றன. அவற்றை உருவாக்கியவர்களுக்கு அதில் ஒரு காசும் போவதில்லை. கருவியை விற்பதும் எமுலேட்டரும் குற்றமல்ல. பிறர் உழைப்பை அனுமதியின்றிப் படியெடுத்து விற்பதே குற்றம். நமது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி மென்பொருளையும் காக்கிறது. ஒருவர் தாம் முறையாகப் பெற்ற மென்பொருளுக்குப் பாதுகாப்புப் பிரதி எடுத்துக்கொள்ளலாம் என்பது அதில் உள்ள சலுகை. பிறர் நிரப்பித் தரும் பத்தாயிரத்துக்கு அது இடம் தராது. பழையதாயிற்றே என்று சமாதானம் சொல்வதும் பொருந்தாது. அடுத்த வீட்டுப் பனை கிழடாகிவிட்டதால் அதன் நுங்கு நமக்கு உரிமையாகிவிடுமா?

இரண்டாம் வகையையே வாங்குவோருக்கும் நேர்வழி உண்டு. கேம் பாய்க்காக இன்றும் ஆர்வலர்கள் புதிய ஆட்டங்களை எழுதி இலவசமாக வெளியிடுகிறார்கள். 2019இல் வந்த ‘ஜிபி ஸ்டூடியோ’ என்ற மென்பொருளால் பள்ளிப் பிள்ளைகளும் சொந்தமாக ஓர் ஆட்டம் செய்து பார்க்கலாம். ஆடுவதைவிடச் செய்வதில் பயன் அதிகம்.

வேறு சில குறிப்புகள். கடை தரும் மெமரி கார்டு பெரும்பாலும் மலிவானது. நம்பகமான கார்டு ஒன்றை மாற்றிக்கொள்ளுங்கள். கைப்பேசியின் வேகச் சார்ஜரைச் செருகாமல் 5 வோல்ட் சாதாரண சார்ஜரைப் பயன்படுத்துங்கள். இந்தியாவில் வாங்குவோர், மின்னணு வீடியோ விளையாட்டுக் கருவிகளுக்குக் கட்டாயமான பி.ஐ.எஸ். பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு செய்தி. பழைய கருவிகளில் பாதியில் நிறுத்தினால் ஆட்டம் பெரும்பாலும் அழிந்துவிடும். ஆகவே “இந்தக் கட்டம் மட்டும் முடியட்டும் உம்மா” என்று நாங்கள் கெஞ்சியதில் ஓரளவு நியாயம் இருந்தது. இன்றைய எமுலேட்டர் கருவிகளில் எந்த நொடியிலும் ஆட்டத்தைச் சேமித்து, விட்ட இடத்திலிருந்தே மீண்டும் தொடரலாம். பாங்கு ஒலித்த பின்னும், சோறு வைத்த பின்னும் அந்தச் சாக்கை ஏற்காதீர்கள்.

மச்சானிடம் இவ்வளவையும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். “மச்சான், நான் சின்ன வயதில் ஆடியது மொத்தமே மூன்று ஆட்டம்தான். அதில் பபுள் பாபுளும் ஒன்று” என்றார். டைட்டோ பதிப்பையே வாங்கி வந்தார்.

இப்போது தங்கை வீட்டுத் திண்ணையில் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் ஒரு மணி நேரம் அது வெளியே வருகிறது. ஒரே கருவி, தோற்றவர் அடுத்தவர் கையில் கொடுத்துவிட வேண்டும். பெரும்பாலும் தோற்பவர் வாப்பாதான். அவர் விமானம் ஏறும் நாளுக்கு இன்னும் பதினெட்டு நாட்கள் உள்ளன. பையன் எண்ணிக்கொண்டிருப்பது அந்த எண்ணை மட்டுமே.