மணலில் பிறக்கும் அதிசயம்

ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டியூன்' நாவலில் (1965) பாலைவன மணற்புழுவுக்குப் பருவத்துக்கொரு உருவம். சிறு வயதில் தண்ணீரைச் சிறைபிடிக்கும். வளர்ந்தபின் அதே தண்ணீர் அதற்கு விஷம். அபாரமான கற்பனைதான். ஆனால் மஞ்சக்குப்பத்துக்குக் கிழக்கே, தேவனாம்பட்டினம் கடற்கரையில் முட்டையிடும் பங்குனி ஆமை அதைவிட அதிசயம் என்பேன். இரவில் கரையேறி, பின்துடுப்புகளால் குழிபறித்து, சுமார் 100 முட்டைகள் இட்டு, மணலை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது: சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். 45 முதல் 60 நாளில் பொரியும் குஞ்சுகள், இருட்டில் கடல்பக்கம் தெரியும் வெளிச்சத்தை நம்பி ஓடும். நம் விளக்குகள் பளிச்சென்று எரிந்தால் திசைமாறி ரோட்டுக்கு வந்து நசுங்கும். ஜனவரி முதல் ஏப்ரல் வரையாவது கடலோர விளக்குகளை இரவில் அணைத்து வையுங்கள்.