கோகோவை மலைக்குக் கூட்டிப் போனது என் தப்பு



நம் குடும்பக் குழுவில் நாலு நாளாக ஒரு சண்டை ஓடுகிறது. கொடைக்கானலில் எங்களை மரியாதையில்லாமல் தடுத்து நிறுத்திவிட்டார்கள் என்று மதுரைச் சித்தப்பா வரை செய்தி போய், அவரும் கோபப்பட்டு எழுதியிருக்கிறார். அன்று அங்கே நின்றவன் நான். நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

பெங்களூரிலிருந்து மகள், மாப்பிள்ளை, பேத்தி, மாப்பிள்ளையின் சிநேகிதர் குடும்பம், கூடவே கோகோ. கோகோ என்பது லாப்ரடார் நாய். அதை விடுதியில் விட்டுவிட்டு வரலாம் என்றுதான் மகள் சொன்னாள். பேத்தி அழுதது. "நாய் இல்லாமல் என்ன பிரயாணம், கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்று சொன்னவன் நான்தான். இது குழுவில் யாருக்கும் தெரியாது.

அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வலங்கைமான்காரனுக்கு நாயைக் கட்டிக் கூட்டிப் போகும் பழக்கமே கிடையாது. வயலுக்குப் போனால் அது முன்னால் ஓடும். களத்தில் படுத்தால் காலடியில் படுக்கும். குடமுருட்டியில் புதுத்தண்ணீர் வரும் நாளில் நுங்கும் நுரையுமாக வரும் அந்த முதல் தண்ணீரோடு கரையிலேயே நாங்கள் ஓடுவோம், தெரு நாய்கள் எல்லாம் எங்களோடு ஓடும். எனக்குத் தெரிந்த மலையேற்றம் அவ்வளவுதான்! எங்கள் ஊரில் ஏறுவதற்கு வாய்க்கால் மதகை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

முதல் நாள் கொடைக்கானல் ஏரியைச் சுற்றி நடந்தோம். ஏறத்தாழ 5 கிலோமீட்டர். இந்த ஏரி தானாக உண்டானது இல்லை. 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த லெவிஞ்ச் ஓடையை மறித்துக் கட்டியது. (ஒன்பதாம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறதோ!) கோகோவும் சமர்த்தாக நடந்தது. எனக்கு முழங்கால் வலி கூடத் தெரியவில்லை.

மறுநாள் பேரிஜம். ஊரிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல், காட்டுக்குள் இருக்கிற ஏரி. பெரியகுளத்துக்குக் குடிதண்ணீர் அங்கிருந்துதான். அனுமதி வாங்கியாகிவிட்டது. சோதனைச் சாவடியில் ஓர் இளைஞர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். "ஐயா, நீங்கள் போகலாம். நாய் போகக் கூடாது" என்றார்.

மாப்பிள்ளை பொறுமையாகத்தான் பேசினார். நான்தான் இறங்கிப் போய், "தம்பி, நான் முப்பத்தைந்து வருஷம் வாத்தியார். இது ஊசி போட்ட நாய், கயிற்றை விட மாட்டோம்" என்று குரலை உயர்த்தினேன். இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. வாத்தியாராக இருந்ததற்கும் நாய் காட்டுக்குள் போவதற்கும் என்ன சம்பந்தம்?

அந்தப் பையன் கோபப்படவில்லை. "காட்டெருமை கன்றோடு நிற்கும் ஐயா. நாய் குரைத்தால் அது துரத்தும். துரத்தினால் நாய் எங்கே ஓடும்? உங்கள் பேத்தியிடம்தானே ஓடிவரும்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. நாய் பயந்தால் தன் ஆளைத் தேடி ஓடிவரும். நாய் வளர்த்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம், எனக்கு அந்த நேரத்தில் உதிக்கவில்லை.

"நீங்கள் போய்விட்டு வாருங்கள்" என்று எல்லோரையும் அனுப்பிவிட்டு, நானும் கோகோவும் சாவடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தோம். மூன்று மணி நேரம். பேத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது.

ஊருக்கு வந்தபிறகு கொஞ்சம் படித்தேன். நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் காட்டு விலங்குகளுக்கும் தொற்றும். 1994-இல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் ஏறத்தாழ 1000 சிங்கங்கள், அதாவது அங்கிருந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கு, இந்த நோயில் செத்தன. சுற்றுவட்டாரக் கிராமத்து நாய்களிலிருந்து வந்தது என்று கண்டார்கள். 2018-இல் நம் குஜராத் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் அடுத்தடுத்து செத்தபோதும் இந்த வைரஸ் பிடிபட்டது. நம் மலைகளில் சிங்கம் இல்லை, செந்நாய் இருக்கிறது. அது நாய்க்கு இன்னும் நெருங்கிய உறவு. உலகம் முழுவதும் வளர்ந்த செந்நாய்கள் 2,500 கூட இல்லை என்கிறார்கள். நம் தெருவில் சுற்றுகிற நாய்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு இந்தக் கணக்கைப் படியுங்கள்.

கோகோவுக்கு ஊசி போட்டிருக்கிறதே என்று மகள் கேட்கிறாள். நியாயமான கேள்விதான். ஆனால் சாவடியில் நிற்பவர் ஒவ்வொரு நாயின் அட்டையையும் வாங்கிச் சரிபார்த்துக்கொண்டிருக்க முடியுமா? நம் நாயை விட்டால் பின்னால் வருகிற வண்டியின் நாயையும் விட வேண்டும்.

"மலைக்கிராமத்து நாய்கள் காட்டுக்குள் போகவில்லையா, சுற்றுலா வண்டிகளின் புகையை விடவா கோகோ பெரிய கேடு" என்று மைத்துனர் மகன் எழுதியிருந்தான். போகத்தான் செய்கின்றன. வண்டிகளும் கேடுதான், 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வைத்தது அதற்காகத்தானே. ஏற்கெனவே வாய்க்காலில் உடைப்பு இருக்கிறது என்பதற்காக நாமும் ஒரு மண்வெட்டி போடுவோமா தம்பி?

பழைய மாணவர்களுக்கு இன்னொன்று. 1991-இல் உங்களைக் கொடைக்கானல் சுற்றுலா கூட்டிப் போனேனே, ஏரிக்கரையில் புளிசாதம் சாப்பிட்டுவிட்டு இலையையும் பிளாஸ்டிக் பைகளையும் அப்படியே விட்டுவிட்டு பஸ் ஏறினோம். "மணியாகிவிட்டது, ஏறுங்கள்" என்று அவசரப்படுத்தியது நான். அன்றைக்கு நம்மைத் தடுக்க ஓர் ஆள் நின்றிருக்கலாம்.

இதனால் மலைக்கே போகாதீர்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். போங்கள், பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள், நடங்கள். டெல்டாப் பிள்ளைகள் மலையைப் பார்க்க வேண்டும். பழனி மலையின் வடக்குச் சரிவில் இறங்கும் தண்ணீர் சண்முகநதி, அமராவதி என்று சுற்றிக்கொண்டு கரூருக்குப் பக்கத்தில் காவிரியில் சேருகிறது. நம் வயலுக்கு வருகிற தண்ணீரில் அதுவும் ஒரு மடக்கு இருக்கும். ஆனால் அனுமதியோடு போங்கள். 2018 மார்ச் 11-இல் குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கிய பிள்ளைகளை மறக்க முடியுமா? இப்போது வனத்துறையே வழிகாட்டியோடு மலையேற்றம் நடத்துகிறது, 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கினார்கள். நாயைக் கூட்டிப் போகலாமா என்பதை மட்டும் புறப்படும் முன்பே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை.

பேத்தியோடு நேற்று போனில் பேசினேன். ஏரி எப்படி இருந்தது என்றேன். "கோகோ பார்க்கலையே தாத்தா" என்றது. அடுத்த தடவை நீங்கள் எல்லோரும் மலைக்குப் போங்கள், கோகோவை வலங்கைமானில் என்னிடம் விட்டுவிடுங்கள், மேட்டூர் திறந்து குடமுருட்டியில் தண்ணீர் வரும் சமயமாகப் பார்த்து வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குக் கரையில் ஓடத் தெரிகிறதா பார்க்கலாம்.