கூரை மழை நம்முடையது, அதைப் பிடிக்க இடம் எங்கே?

யூடியூபைத் திறந்தால் வீட்டுத் தோட்டம். மொட்டை மாடியில் நீல டிரம், அதில் தக்காளி, பக்கத்தில் மழைநீர்த் தொட்டி. "விஷமில்லாத காய்கறியை நீங்களே விளைவியுங்கள்" என்று அறிவுரை. அறிவுரையில் தவறில்லை. ஆனால் சொல்கிறவர்கள் ஒரு கேள்வியைத் தவறாமல் விட்டுவிடுகிறார்கள்: கொல்லை யாருக்கு இருக்கிறது?

தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைச் சேரிகளில் நின்று இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள் தோழர்களே. தமிழ்நாட்டின் நெற்களஞ்சியம் என்று பெருமை பேசும் மண் இது. இந்த மண்ணில் நாற்று நட்டவர்கள் குடியிருந்த மனைகூட மிராசுதாருக்குச் சொந்தமாக இருந்தது. எதிர்த்துப் பேசினால் மனையை விட்டு வெளியேற வேண்டியதுதான். கூலி உயர்வு கேட்டதற்காகக் கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது 1968 டிசம்பர் 25இல். குடியிருக்கும் மனையை விவசாயத் தொழிலாளிக்கே சொந்தமாக்கும் சட்டம் வந்தது 1971இல். நம் தாத்தா பாட்டிக்குக் கொல்லை என்று ஒன்று இருந்ததில்லை. இதைச் சோம்பேறித்தனம் என்றோ விழிப்புணர்வுக் குறைவு என்றோ எவரும் சொல்ல வேண்டாம்.

கொல்லை இல்லாவிட்டாலும் வயல் வரப்பு இருந்தது. களை பறிக்கப் போன அம்மாக்கள் மடியில் பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் கொண்டு வந்தார்கள். நண்டும் நத்தையும் குழம்பாகின. இப்போது வரப்பெல்லாம் களைக்கொல்லி. நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்து வேலையையும் குறைத்துவிட்டன. கீரையையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. நமக்கு வீட்டுத் தோட்டம் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு அல்ல. தட்டில் கீரை இருக்கிறதா இல்லையா என்கிற கேள்வி.

"காவிரி ஓடுகிற டெல்டாவுக்கு மழைநீர்த் தொட்டி எதற்கு?" என்று கேட்பார்கள். மேட்டூர் அணை திறக்கும் நாள் ஜூன் 12, மூடும் நாள் ஜனவரி 28. அந்தத் தண்ணீர் நிலத்துக்குப் போகிறது. நிலம் இல்லாதவரின் முருங்கைக்கும் கத்தரிக்கும் அதில் பங்கு கிடையாது. ஆழ்குழாய்க் கிணறு? 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. நிலம் யாருடையதோ, அதன் அடியில் உள்ள நீரை எடுக்கும் உரிமையும் அவருடையது. அந்த நீரை இறைக்கும் பம்புசெட்டுக்கு அரசு இலவச மின்சாரமும் தருகிறது. நாகைக் கடலோரத்தில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. 1990களில் இறால் பண்ணைகள் அதை இன்னும் கெடுத்தன. காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது.

ஆற்று நீர் நிலத்துக்கு. நிலத்தடி நீர் நிலக்காரருக்கு. நிலமற்ற குடும்பம் யாரையும் கேட்காமல் தனதென்று சொல்லக்கூடிய தண்ணீர் ஒன்றே ஒன்று: தன் கூரைமேல் விழும் மழை.

2003இல் ஜெயலலிதா அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. பாராட்டப்பட வேண்டிய நடவடிக்கை. ஆனால் நடைமுறையில் அது பெரும்பாலும் கூரை நீரைக் குழாய் வழியே குழிக்குள் விட்டு நிலத்தடி நீரை உயர்த்தும் வேலையாக முடிந்தது. தன் வீட்டிலேயே கிணறும் போர்வெல்லும் வைத்திருப்பவருக்கு அதனால் லாபம். காலனி வீட்டின் கூரை நீரைக் குழிக்குள் விட்டால் அதை மேலே இழுப்பது யார்? மோட்டார் வைத்திருப்பவர். நம் மழை நிலத்துக்குள் போனதும் அவர் தண்ணீராகிவிடுகிறது. நிலமற்றவருக்கு வேண்டியது குழி அல்ல, தொட்டி. ஊர்ப் பொதுக் குளத்தைத் தூர் வாருங்கள், பொது இடத்தில் உறிஞ்சுகுழி வெட்டுங்கள், வரவேற்போம். காலனி வீட்டுக்கு முதலில் தொட்டி கட்டுங்கள்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். பிரதமர் வீட்டுத் திட்டத்தின் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர். தஞ்சைப் பகுதியில் ஆண்டு மழை சுமார் 1000 மில்லிமீட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கழித்தாலும் 20,000 லிட்டர். 10 சதுர மீட்டர் கீரைப் பாத்திக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் போதும். அப்படியானால் 5,000 லிட்டர்த் தொட்டி 100 நாள் தாங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிரம்பிய தொட்டி, மேட்டூர் மூடிய பிறகு மே முதல் வாரம் வரை பாத்தியைக் காப்பாற்றும். முளைக்கீரை ஒரு மாதத்தில் அறுவடைக்கு வரும். மூன்று அறுவடை. கத்திரி வெயிலுக்கு இது போதாதுதான். அப்போது பாத்திரம் கழுவிய நீர் வாழைக்கும் முருங்கைக்கும் போகட்டும்.

கம்பிவலையும் சிமென்டும் வைத்து உள்ளூர்க் கொத்தனாரே இந்தத் தொட்டியைக் கட்டலாம். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட வேண்டும். ஜல்லி, மணல் போட்ட வடிகட்டி வேண்டும். டெங்குக் கொசு முட்டையிடாதபடி மூடியும் வலையும் வேண்டும். தொழில்நுட்பம் இவ்வளவுதான்.

தடையாக இருப்பது இடம். ஆதிதிராவிடர் காலனியில் மனைப் பட்டா பெரும்பாலும் 3 சென்ட். கொடுத்தபோது ஒரு குடும்பம். இன்று அதே 3 சென்டில் அண்ணன், தம்பி, அப்பா என்று மூன்று அடுப்பு எரிகிறது. பாத்தி இருக்க வேண்டிய இடத்தில் தம்பியின் குடிசை. நான் வேலை செய்யும் கிராமங்களில் தொட்டி வைக்க இடமில்லாமல் வாசலில் அண்டாவை வைத்து மழைநீர் பிடிக்கிறார்கள். ஆதிதிராவிடர் நலத்துக்கு நிலம் எடுக்க 1978ஆம் ஆண்டின் தனிச் சட்டமே இருக்கிறது. 1997இல் அறிவித்த சமத்துவபுரத்தில் ஒரு வீட்டுக்கு 5 சென்ட் என்று இதே அரசுதான் அளவு வைத்தது. அந்த அளவு காலனிக்கு மட்டும் ஏன் கசக்கிறது?

ஓர் எச்சரிக்கையும் உண்டு. "உங்களுக்குத்தான் மழைநீர்த் தொட்டி இருக்கிறதே, குழாய் எதற்கு?" என்று நாளை ஓர் அதிகாரி கேட்கக்கூடும். அந்த வாய்க்கு இப்போதே பூட்டுப் போடுங்கள். 1927 மார்ச் 20இல் மகாத் குளத்தில் அண்ணல் அள்ளிக் குடித்தது பொதுத் தண்ணீரை. வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த கொடுமை நம் காலத்துக் கதை. தனித் தொட்டி, தனிக் கிணறு என்று நம்மை ஒதுக்கிவைக்க மழைநீர் ஒரு சாக்காகிவிடக் கூடாது. ஊர்க் குளமும் நம்முடையது, பொதுக் குழாயும் நம்முடையது. பொது நீர்நிலையைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தப்படி குற்றம். கூரை மழை அந்த உரிமைக்கு மேலாகக் கிடைப்பது. அதற்கு மாற்று அல்ல.

மாணவத் தோழர்கள் செய்யக்கூடியது இருக்கிறது. உங்கள் காலனியில் ஒரு பட்டாவில் எத்தனை குடும்பம் என்று வீடு வீடாகக் கணக்கெடுங்கள். 15ஆவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரை ஊராட்சிகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் 30 விழுக்காடு குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கானது. அதில் சேரிக்கு எத்தனை ரூபாய் வந்தது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் கிராம சபை கூடும். அங்கே இரண்டு தீர்மானங்களைக் கொண்டுபோங்கள். ஒன்று, அரசு கட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் மதிப்பீட்டிலேயே 5,000 லிட்டர்த் தொட்டி. இரண்டு, பிரிந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் கொல்லையோடு கூடிய 5 சென்ட் மனை, பெண் பெயரில் பட்டா.

தீர்மான நோட்டில் எழுதும்வரை எழுந்து போகாதீர்கள்.